உன் நலங்குக்கு யார் எண்ணெய் வைப்பது

ஏய்யா,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்துப் பாதி தூரம் வருவதற்குள் "அம்மா, மீட்டிங்" என்று சொல்லிவிடுகிறாய். பெங்களூரில் அப்படி என்னதான் பேசித் தீர்க்கிறார்களோ, ஊரே உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறது போல. அதனால் எழுதுகிறேன். எழுத்தை நீ மியூட்டில் போட முடியாது. இன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு வார விடுமுறை. சாப்பிட்டாயிற்று, பாத்திரம் கழுவியாயிற்று. மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பறக்கும் ரயில் வந்து போகிற சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உன்னை மணையில் உட்கார வைத்து நலங்கு வைப்பார்கள். உன் தலையில் முதல் எண்ணெய் யார் வைப்பது என்று முடிவாகிவிட்டது. என்னைக் கேட்காமல் முடிவாகிவிட்டது. நீயும் சரி என்று சொல்லிவிட்டாய். அதைப் பற்றிப் பேச வேண்டும். நேரே அதற்குப் போனால் எனக்குக் கோபம் வந்துவிடும், எழுத்து கோணிக்கொள்ளும். கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் உன் மெஷினைப் பற்றி. என் பிறந்தநாளுக்கு ஒரு மசாஜ் மெஷின் அனுப்பினாயே, துப்பாக்கி போலப் பிடியும் நுனியில் ஒரு பந்தும் வைத்தது. கூரியர்க்காரர் கொடுத்தபோது யாரோ வாங்கிய சுவரில் துளைபோடும் மெஷினை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நாள் முழுக்க அடுத்தவர் முதுகைப் பிடித்துவிட்டு வருகிற அம்மாவுக்கு மசாஜ் மெஷின். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனாலும் போட்டுப் பார்த்தேன். தோளில் வைத்தால் பல்லெல்லாம் ஆடுகிறது. குறை சொல்லவில்லை. இறுகிப்போன தொடைச் சதைக்கும் கெண்டைச் சதைக்கும் அது நல்லதுதான், உடற்பயிற்சி செய்கிற பையன்களுக்கு உதவும். ஆனால் அதற்கு எலும்பு எது சதை எது என்று தெரியாது. வலி தாங்காமல் நான் மூச்சைப் பிடித்தால் அது நிதானிக்காது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அணைந்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிடும். இப்போது ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது, வந்தால் எடுத்துக்கொண்டு போ.

இந்தத் தொழில் எனக்கு உன் அப்பாவின் கால் வழியாக வந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவர் அவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார அங்கே இடம் கிடையாது. ஒரு பெண் ஒரு சேலை எடுக்க ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டுச் சிரித்த முகமாய் நிற்பார். வீட்டுக்கு வந்தால் கணுக்கால் புடைத்திருக்கும். வாயைத் திறந்து கேட்க மாட்டார், சுவரில் சாய்ந்து காலை நீட்டுவார், அவ்வளவுதான். நான் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வருவேன். கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலை நோக்கி மேலே மேலே வழிக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தி இழுக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நீ பக்கத்தில் ஹோம்ஒர்க் எழுதிக்கொண்டே "எனக்கும்" என்று ஒரு காலை நீட்டுவாய். உனக்கு வலியும் கிடையாது ஒன்றும் கிடையாது, அப்பாவுக்குக் கிடைப்பது உனக்கும் கிடைக்க வேண்டும். ஒரு கையில் அவர் கால், ஒரு கையில் உன் கால். நம் வீட்டில் எண்ணெய்க்கறை படாத பாயே இருந்ததில்லை.

அவர் போனபோது நீ பத்தாவது. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். உன் கே.கே. நகர் அத்தை, அவருடைய ஒரே தங்கை, அன்றைக்கு வந்தவள் ஒரு மாதம் நம்மோடுதான் இருந்தாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், உனக்குத் தலை வாரி, டிபன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்கக் கூடாது. ஆழ்வார்ப்பேட்டையில் ஓர் ஆயுர்வேத மருத்துவமனையில் பெண்களுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் வேண்டுமாம் என்று விசாரித்துக்கொண்டு வந்ததும் அவள்தான். எனக்குத் தயக்கம். ஊரார் காலைப் பிடிப்பதா என்று இருந்தது. "ஒங்க கை நல்ல கை மதினி, அண்ணன் சொல்லாத நாளு கெடயாது, போங்க" என்று சொல்லிப் பிடித்துத் தள்ளி அனுப்பினாள். அப்படித்தான் போனேன்.

அங்கே டாக்டரம்மா முதலில் கற்றுக்கொடுத்தது எண்ணெயைப் பற்றி இல்லை. ஆளைத் தொட்ட பிறகு இரண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுக்காதே என்றார். எண்ணெய் எடுக்க வேண்டுமா, ஒரு கை போகட்டும், இன்னொரு கை முதுகிலேயே இருக்கட்டும். கவிழ்ந்து படுத்திருப்பவருக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, கை போனால் ஆளே போய்விட்டாள் என்று உடம்பு திடுக்கிட்டுவிடும். சின்ன விஷயம்தான். ஆனால் கை பழக எனக்கு வெகுநாள் ஆயிற்று. அங்கேதான் ரோஸி பழக்கம். உனக்குத் தெரியும், பட்டினப்பாக்கத்துப் பெண், என்னைவிட இளையவள், கை வேகம், வாய் அதைவிட வேகம். அப்யங்கம் என்றால் உடம்பு முழுக்க வெதுவெதுப்பான எண்ணெய், மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நான்கு கையும் ஒன்றாகப் போக வேண்டும். அவள் தோள் முடித்து இடுப்புக்குப் போகும்போது நான் இன்னும் கழுத்திலேயே நிற்பேன். அவள் வேகத்தைக் குறைத்து, நான் கூட்டி, ஒரு வழியாக ஒன்று சேர்ந்தோம். வறண்ட தோலுக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன உடம்புக்கும், தூக்கம் பிடிக்காதவர்களுக்கும் அது நல்லது.

கிழி வைப்பது எனக்குப் பிடித்த வேலை. மூலிகை இலைகளை வதக்கித் துணியில் கட்டி, சூடான எண்ணெயில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், இடுப்புப் பிடிப்பும் முழங்கால் பிடிப்பும் அதில் இளகும். முதல் சூட்டை என் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் மேல் வைப்பேன். மூலிகைப் பொடியை எண்ணெயில்லாமல் உலர்வாகத் தேய்ப்பது ஒன்று உண்டு, உடம்பு இளைத்துவிடும் என்று நம்பி வருவார்கள். தோல் மினுங்கும், அவ்வளவுதான், இளைக்க வேண்டுமானால் இட்லியைக் குறையுங்கள் என்று நான் ஒருத்தியிடம் முகத்துக்கு நேரே சொல்லி, டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நெற்றியில் எண்ணெயைத் தாரையாக விடுகிற சிரோதாரையில் கைக்கு அதிக வேலையில்லை. எண்ணெய் அறுபடாமல் நெற்றியில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதில்தான் பெண்கள் அழுவார்கள். வீடு, பிள்ளை, ஆபீஸ் என்று ஓடுகிற பெண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க அவ்வளவு நேரம் வேறெங்கே கிடைக்கிறது? ஏன் அழுகிறாய் என்று கேட்கக் கூடாது, காதுப் பக்கம் வழிவதை எண்ணெயோடு எண்ணெயாகத் துடைத்துவிட வேண்டும்.

பிறகு ரோஸியும் நானும் அடையாறு ஸ்பாவுக்கு மாறினோம். அங்கே பெயர்களெல்லாம் வேறு. ஸ்வீடிஷ் என்றால் நீளநீளமாக வழித்து, மெதுவாகப் பிசைந்து விடுவது, களைப்புக்கு அதுதான் சுகம். டீப் டிஷ்யூ என்றால் முன்கையையும் முழங்கையையும் வைத்து அடிச்சதை வரை அழுத்துவது, கழுத்தும் தோளும் கட்டிப்போய் வருகிற கம்ப்யூட்டர்காரர்களுக்கு. அதைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை நல்ல தூக்கம்தான் என்பது என் அபிப்பிராயம், என்னை யார் கேட்கிறார்கள்? தாய் மசாஜுக்கு எண்ணெயே கிடையாது. தரையில் மெத்தை போட்டு, உடுத்திய துணியோடு படுக்க வைத்து, கையைக் காலை இழுத்து மடக்கி நீட்டி விடுவது. இறுகிய உடம்பு நன்றாக இளகும். எனக்குத்தான் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முட்டி உரசுகிறது, அதை ரோஸியிடம் தள்ளிவிட்டேன். பாத மசாஜும் தலை மசாஜும் எப்போதும் என் பங்கு. எதைச் செய்தாலும் நோய் தீர்ந்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. காய்ச்சலோடு வருகிறவர்களை, ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலிக்கிறவர்களை நாங்கள் தொடவே மாட்டோம், முதலில் டாக்டரிடம் போங்கள் என்று அனுப்பிவிடுவோம். மற்றவர்களுக்குத் தசை இளகும், மூச்சு நீளமாகும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். அது சின்ன லாபம் இல்லை.

நித்யாவுக்கும் கழுத்துப் பிடிப்பு இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று அவள் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பியதைப் பார்த்தேன். நீ பிடித்துவிடு. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடு, ஐஸ் கையை வைக்காதே. அழுத்தம் போதுமா என்று கேள், கேட்டுவிட்டு அவள் சொல்வதைக் காதில் வாங்கு. முதுகுத்தண்டின் மேல் அழுத்தாதே, அதன் இரண்டு பக்கத்துச் சதையை மட்டும் பிடி. கோபத்தோடு தொடாதே, கோபம் கட்டைவிரல் வழியாக இறங்கிவிடும். ஒரு கண் போனில் இருந்தால் அவள் முதுகுக்குத் தெரிந்துவிடும், முதுகை ஏமாற்ற முடியாது. உனக்கு வலித்தால் நீயும் சொல்லு. உன் அப்பாவைப் போலச் சும்மா காலை நீட்டிக்கொண்டு உட்காராதே. அவருக்கு நான் இருந்தேன், பார்த்துப் புரிந்துகொண்டேன். எல்லாப் பெண்ணும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

இப்போது ஒரு வெட்கங்கெட்ட விஷயம் சொல்கிறேன். நாள் முழுக்க நான் மனிதர்களைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன், என்னைத் தொட ஆள் இல்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. மேலேயிருந்து விட்டாலும் கீழேயிருந்து விட்டாலும் என் கை அங்கே எட்டுவதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் அந்த இடம் மட்டும் காய்ந்தே கிடக்கும். அரிப்பெடுத்தால் மாடு மாதிரிச் சுவர் மூலையில் உரசிக்கொள்கிறேன். ஒருநாள் அடையாற்றிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த பெண் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்துவிட்டாள். யார் எவர் என்று தெரியாது. கையில் சாப்பாட்டுப் பை, பாவம், எங்கேயோ வேலை முடிந்து வருகிறாள். மந்தைவெளி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவளை எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய். அந்தப் பாரம் தோளில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று இருந்தது. கபாலி கோயில் குளம் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். நீ என்னைக் கவனிக்கவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருகிறாய், கேஸ் புக் பண்ணுகிறாய், டாக்டரிடம் அழைத்துப் போகிறாய். ஆனால் போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலிருந்தே கையாட்டிவிட்டுப் போய்விடுகிறாய். நானும் கையாட்டுகிறேன்.

சரி, சுற்றி வந்தது போதும். போன செவ்வாய்க்கிழமை அத்தை வந்தாள். கபாலி கோயிலுக்கு வந்துவிட்டு நம் வீட்டில் காபி குடிப்பதும், குடித்ததும் என் மடியில் காலை நீட்டுவதும் அவள் வழக்கம். முழங்கால் தேய்மானம் அவளுக்கு. கிண்ணத்தை வெந்நீரில் வைத்து எண்ணெயைச் சூடாக்கி, முழங்கால் சில்லைச் சுற்றி வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு உன் கல்யாணத்துக்கு வந்தது, மண்டபம், சமையல்காரர், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ரூம். அவள் கண்ணை மூடியபடியே, சுகமாக, சொன்னாள்.

"மதினி, மனசுல ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க. நலங்குக்கு மொத எண்ணெ நான் வைக்கேன். பெறவு சுமங்கலியா இன்னும் நாலு பேரு. நீங்க எல்லாருக்கும் முன்னால சேரு போட்டு ஒக்காந்து பாருங்க. பிள்ளைக்கு ஒரு கொறையும் வரக் கூடாதுல்லா?"

நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளோ, அல்லது சம்மதமில்லை என்று புரிந்துதான் அவசரப்பட்டாளோ, அப்போதே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அதையே உன்னிடமும் சொன்னாள். நீ ஒரு நொடி பேசாமல் இருந்தாய். அந்த ஒரு நொடியில் நான் எவ்வளவு நம்பினேன் என்று உனக்குத் தெரியாது. பிறகு நீ சொன்னாய்.

"சரி அத்தை. நீங்க எப்டி சொல்றீங்களோ அப்டியே பண்ணிடலாம்."

அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று நீ கேட்கவில்லை. அவளிடம் கேட்டாயிற்றா என்றும் கேட்கவில்லை. அத்தையின் முழங்கால் என் கைக்குள் இருந்தது. நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி எடுத்ததில்லை. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, என்ன மதினி, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். எண்ணெயைத் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன், ஆட்டோ ஏற்றிவிட்டேன், மறுபடி வந்து டம்ளரைக் கழுவினேன். உன் போன் வரும் என்று சாயங்காலம் வரை பக்கத்திலேயே வைத்திருந்தேன். வந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு எத்தனை ரூம் போடுவது என்று கேட்டாய்.

அத்தை கெட்டவள் இல்லை. அவளுக்குப் பயம். அண்ணனைப் பறிகொடுத்ததுபோல அண்ணன் மகனுக்கும் எதுவும் ஆகிவிடுமோ என்ற பயம். உன்னிடம் மறைப்பானேன், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அவள் போன பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தினமும் அவருக்கு எண்ணெய் தேய்த்த கை, அவரைக் காப்பாற்றவில்லையே. முன்பு ஒரு தடவை ஸ்பாவில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா தாலியில்லாத என் கழுத்தைப் பார்த்துவிட்டு, ரிசப்ஷனில் போய் மெதுவாக வேறு ஆள் கேட்டாள். நான் அறையை விட்டு வெளியே வந்து ரோஸியை உள்ளே அனுப்பினேன். அன்றைக்கு அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. மற்றவர்கள் சொல்லிச் சொல்லி நாமும் நம்பிவிடுகிறோம். இந்தத் தடவை ரோஸியிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா நீ. மெட்ராஸ்ல கீற கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் நீதான் எண்ண தேச்சிக்கினு கீற. பெத்த புள்ளைக்கு வெச்சா மட்டும் ஆவாதா? உங்காளுங்க கணக்கு எனக்குப் புரியலக்கா."

அவளுக்கான பதில் மூன்று நாள் கழித்து ஒரு குழந்தையாக வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தி ஸ்பாவுக்கு வந்து, தலை நரைத்த, கட்டைவிரல் அகலமான மாமி இன்னும் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. முகம் எனக்கும் நினைவில்லை, எங்களிடம் வருகிறவர்கள் கவிழ்ந்துதானே படுக்கிறார்கள். "என் கல்யாணத்துக்கு எனக்கு எண்ணெ தேச்சது நீங்கதானே மாமி? குழந்தைக்கு எப்படித் தேய்க்கறதுன்னு அதே கைகிட்டதான் கத்துக்கணும்னு தேடிண்டு வந்தேன்" என்றாள். மேனேஜர் தலையாட்டினார். நான் தரையில் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் கால் மேல் படுக்க வைத்தேன். முட்டி உரசியதெல்லாம் அப்போது தெரியவில்லை. தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து இரண்டு பக்கமும் விலக்கி, வயிற்றில் வட்டமாக, கையிலும் காலிலும் வளையல் ஏற்றுகிற மாதிரி மெல்ல. அழுத்தக் கூடாது, மூக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, காதில் மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, யார் சொன்னாலும் கேட்காதே என்று அவளிடம் சொன்னேன். குழந்தைக்குப் பால் செரிக்கும், நன்றாகத் தூங்கும், அம்மாவின் கையை அடையாளம் தெரிந்துகொள்ளும், வேறென்ன வேண்டும்? அது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் எண்ணெய் தேய்த்து அனுப்பிய பெண், பூவும் பொட்டுமாக, மடியில் பிள்ளையோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். என் கையால் அவளுக்கு என்ன குறை வந்துவிட்டது? அங்கேயே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், என்னாச்சு மாமி என்று கேட்டாள். கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்பா போன பிறகு வந்த எல்லாத் தீபாவளிக்கும் விடியக்காலையில் உன்னை எழுப்பி உன் உச்சியில் எண்ணெய் வைத்தது யார்? அப்போது சுமங்கலி தேடி யாரும் வரவில்லை, அத்தையும் ஒன்றும் சொன்னதில்லை. அந்தத் தலைதான் காலேஜுக்குப் போனது, வேலை வாங்கியது, நித்யாவைப் பிடித்துக்கொண்டு வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்ட கை, உன் காலைப் பிடித்துவிட்ட கை, நாலு பேர் கூடுகிற மண்டபத்தில் மட்டும் ஆகாத கையாகிவிடுமா? சமையலறைக்கு ஆகும், ஆஸ்பத்திரிக்கு ஆகும், அத்தையின் முழங்காலுக்கு ஆகும், மணைக்கு மட்டும் ஆகாதா? எழுத எழுதக் கோபம் வருகிறது பார், சொன்னேன் இல்லையா.

ஒரு குறுக்கு வழியும் நினைத்தேன். மண்டபத்துக்குப் புறப்படும் முன்பு நம் வீட்டிலேயே, யாரும் வருவதற்குள், உன்னை உட்கார வைத்து எண்ணெய் வைத்து அனுப்பிவிடலாம், அத்தைக்கும் மனத்தாங்கல் இருக்காது, எனக்கும் ஆசை தீரும் என்று. பிறகு தூ என்று என்னையே துப்பிக்கொண்டேன். நான் உன்னைத் திருட்டுத்தனமாகப் பெறவில்லை, திருட்டுத்தனமாக உனக்கு எண்ணெய் வைக்க மாட்டேன். உன் மாமனார் வீட்டார் எல்லாரும் பார்க்க, விளக்கு முன்னால், அருகம்புல்லை எண்ணெயில் தொட்டு உன் தலையில், தோளில், முழங்காலில், பாதத்தில் முதல் கையாக நான் வைக்க வேண்டும். எனக்கு அது வேண்டும். இந்தக் கல்யாணத்தில் நான் கேட்பது இது ஒன்றுதான். பட்டுப்புடவைகூட உன் அப்பா கடையிலிருந்து எடுத்துவந்த பழையதையே கட்டிக்கொள்கிறேன்.

நீ அத்தையோடு சண்டை போட வேண்டாம். போன் பண்ணி, அம்மா வைத்த பிறகு நீங்கள் வையுங்கள் அத்தை என்று நல்லபடியாகச் சொல். அவள் அழுவாள், அழட்டும், உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடுவாள். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையென்றால், மணையில் உட்கார்ந்ததும் "அம்மா எங்க?" என்று ஒரு வார்த்தை கேள். அதுவும் முடியவில்லையா, பரவாயில்லை, நானே எழுந்து வருவேன். யாராவது என் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள், நான் உட்கார மாட்டேன். உன் முன்னால் வந்து நிற்பேன். அந்த நேரத்தில் நீ ஒன்றும் பேச வேண்டாம், தலையை மட்டும் குனி. அந்தச் சபை என்ன சொன்னாலும் நான் வைத்துவிடுவேன்.

நீ குனியாமல் அத்தையின் முகத்தைப் பார்த்தாயானால், கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். யாரிடமும் முகத்தைத் தூக்க மாட்டேன், வந்தவர்களை வாங்க வாங்க என்பேன், சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். ஆனால் உனக்கு எண்ணெய் வைக்க மாட்டேன். சம்மதம் இல்லாத உடம்பை நான் இதுவரை தொட்டதில்லை, ஐயா. பிள்ளை என்பதற்காக உன்னையும் தொட மாட்டேன்.

அம்மா